யூதாஸ் உயிலில் இல்லாத பேர்

எர்மீனியாவுக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் சொப்ரெய்ரா ஊர் நாய்கள் எப்போதோ அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, அதன்மேல் ஒரு கறுப்பு ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே அந்த வாய். கருங்கல் குவாரியில் புருஷன் ஆர்லிந்து செத்துப்போன வருஷத்திலிருந்து சதுக்கத்து மூலையில் பெட்டிக்கடை வைத்திருந்தாள். சிகரெட், செய்தித்தாள், சுரண்டிப் பார்க்கும் லாட்டரி, இருமல் மிட்டாய். கூடவே உலக நிலவரமும் கிடைக்கும். அது இலவசம்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை நிற்கும். பிள்ளைகள் இல்லையென்று பள்ளிக்கூடத்தை மூடினார்களே, அங்கிருந்து வந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் பத்திரிகைக் கட்டு வந்து விழுந்ததும் இளஞ்சிவப்புத் தாளில் வரும் வியாபாரப் பத்திரிகையைத்தான் முதலில் உருவுவாள். அந்தப் பத்திரிகைக்கு ஊரில் வாடிக்கை ஒரே ஒருவர், வங்கி மேனேஜர் வால்தெமார். அவர் வந்து வாங்குவதற்குள் நுனி மடங்காமல் படித்து முடித்து, சாக்பீஸை எடுத்து எழுதிவிடுவாள்.

"லிஸ்பன் பங்குச்சந்தை விழுந்தது. தூக்கிவிட ஆள் தேவை. கூலி பிறகு தரப்படும்."

"உலகத் தலைவர்கள் விடியவிடியப் பேசினார்கள். சாப்பாடு பிரமாதமாம்."

"எண்ணெய் விலை இறங்கியது. நம்ம பெட்ரோல் பங்குக்காரருக்கு யாரும் சொல்லிவிடாதீர்கள், மனசு ஒடிந்துபோவார்."

நாட்டின் கடனை எடைபோடும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் போர்ச்சுகலுக்குக் 'குப்பை' என்று தரம் போட்ட அன்று அவள் எழுதியது ஊரில் இன்னும் பேசப்படுகிறது: "நம்மைக் குப்பை என்று சொல்லிவிட்டார்கள். பொறுமையாக இருங்கள். குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும்."

இதையெல்லாம் பார்த்து அவளுக்குச் சந்தை தெரியும் என்று நினைத்தால் அது நம் தப்பு. நாலாம் வகுப்போடு சரி. பங்குக்கும் கடன்பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை தபால்காரர் கேட்டதற்கு, "ஒண்ணு அடிக்கும், இன்னொண்ணு உதைக்கும்" என்றாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. ஒன்றைக் கிண்டல் செய்வதற்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? இருந்தால் பாதி உலகம் வாயை மூட வேண்டியதுதான்.

கரும்பலகை தினசரி வேலை. வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. யூதாஸின் உயில்.

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்ததும் சதுக்கத்து நடுவில், ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பொம்மையாகச் செய்து தொங்கவிடுவார்கள். உள்ளே வைக்கோல், வயிற்றில் பட்டாசு, வெளியே யாரோ செத்தவருடைய கோட்டு. கொளுத்துவதற்கு முன்னால் யூதாஸ் தன் சொத்தை எழுதி வைப்பான். கறிக்கடை குஸ்தோதியு கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலக மாடத்தில் ஏறி, மாடே மிரளுகிற குரலில் அதை வாசிப்பான். எழுதுவது எர்மீனியா. எழுதுவது யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது மரபு. எல்லோருக்கும் தெரியும் என்பதும் மரபு.

*பெல்ட்டை நல்லா இறுக்கச்சொன்ன பிராங்க்ஃபர்ட்டுப் பெரியவர்க்கு*
*என் பெல்ட்டையே எழுதிவைக்கிறேன், தன் இடுப்பில் இறுக்கட்டும்;*
*கணக்குப்பார்க்க வந்திறங்கிய கடன்காரக் கோட்டுகளுக்கு*
*என் வயிற்று வைக்கோல் அத்தனையும் எண்ணியெண்ணிப் பார்க்கட்டும்.*

செலவைக் குறை என்று நாட்டை மிரட்டிய ஐரோப்பிய வங்கிக்காரர்களுக்கு இப்படிப் போகும். ஆயருக்குத் தேய்ந்த செருப்பு, அமைச்சருக்குப் பொத்தல் பாக்கெட், தண்ணீர் கலந்த பால் விற்றவளுக்குக் கிணற்று வாளி. உயிலில் பேர் வந்தவர் கோபப்படக் கூடாது. கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து, இரண்டு தட்டுத் தட்டி, எல்லோருக்கும் ஒயின் ஊற்ற வேண்டும். முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவனை அடுத்த வருஷம் யூதாஸ் இன்னும் பலமாகக் கவனிப்பான். பேரே வராதவன் இருந்தால் ஊர் அவனை ஒரு மாதிரி பார்க்கும். ஒன்று அவன் செத்திருக்க வேண்டும், இல்லை அவனிடம் சொல்வதற்கு ஒரு குற்றமும் இல்லாமலிருக்க வேண்டும்.

வால்தெமார் சாகவில்லை. அவர் பேர் ஒரு வருஷம்கூட வந்ததில்லை.

அதற்குக் காரணம் எர்மீனியாவுக்குத் தெரியும். ஆர்லிந்து செத்தபோது மகன் ரூபென் வயிற்றில் இருந்தான். ஆர்லிந்தின் அண்ணன் தம்பிகள் குவாரி கொடுத்த நஷ்டஈட்டைப் பார்த்தார்களே தவிர அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. அப்போது செர்ரா வங்கிக் கிளையில் சின்ன குமாஸ்தாவாக இருந்த வால்தெமார்தான் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றார். பெட்டிக்கடைக்கு அனுமதி வாங்கித் தந்ததும் அவர். ரூபெனுக்கு லக்சம்பர்க்கில் வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தகப்பனும் அங்கே ஒருவரையொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அந்த மனுஷனைப் பற்றி நாலு வரி கிண்டலாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. போப்பாண்டவரையே விட்டுவைக்காத கை அது. இது தனக்கும் தன் பேனாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆகஸ்டு மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு திங்கட்கிழமை. செர்ரா வங்கி கவிழ்ந்துவிட்டதென்று இளஞ்சிவப்புப் பத்திரிகை முதல் பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. அரசாங்கம் வங்கியை இரண்டாக வெட்டி, நல்லதை ஒரு பக்கமும் அழுகியதை இன்னொரு பக்கமும் வைத்ததாம். சாதாரண சேமிப்புக் கணக்கெல்லாம் நல்ல பக்கம். வங்கியின் முதலாளிக் குடும்பம் தன் கம்பெனிகளுக்காக விற்ற கடன்பத்திரமெல்லாம் அழுகிய பக்கம். எர்மீனியா வாய்விட்டுச் சிரித்தாள். வங்கி கவிழ்வது என்றால் அவளுக்குத் திருவிழா மாதிரி. சாக்பீஸ் எடுத்தாள்.

"செர்ரா வங்கி செத்தது. அடக்கம் எங்கே என்று தெரியவில்லை. பணத்தை ஏற்கெனவே புதைத்துவிட்டார்கள்."

குஸ்தோதியு கறிக்கடை ஏப்ரனோடு வந்தான். கரும்பலகை முன்னால் நின்றான். எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தான். பிறகு கையால் அதை அழித்தான்.

"ஏய், என்ன பண்ற நீ," என்றாள் எர்மீனியா. "நல்லா வந்திருந்துச்சு."

"நல்லா வந்திருக்கா?" அவன் குரல் மெதுவாக வந்தது. அந்தக் குரல் மெதுவாக வந்து அவள் கேட்டதே இல்லை. "எங்கப்பா நிலத்த வித்த காசு. என் பொண்டாட்டி ஒலிம்பியாவோட தையல் காசு. மொத்தமும் அந்த அழுகுன பக்கத்துல கெடக்கு."

"நீ எதுக்குடா கடன்பத்திரம் வாங்கின? உனக்கு ஆட்டுத் தொடைக்கும் மாட்டுத் தொடைக்கும்தானே வித்தியாசம் தெரியும்."

"மேனேஜர் வாங்கச் சொன்னார்."

"சொன்னா வாங்கிடறதா? நான் இங்க தெனமும் என்ன எழுதறேன்? பேங்குக்காரன் சொல்ற வார்த்தைய நம்பாதீங்கன்னு சாக்பீஸ் தேயத் தேய எழுதறேன்."

"எழுதற. உலகத்துல இருக்கற அத்தனை பேங்குக்காரனையும் எழுதற. அவரை மட்டும் எழுதல." அவன் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் அவர்கிட்ட கேட்டேன், எர்மீனியா. பயமா இருக்கு சார், இது பத்திரமான்னு கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'யூதாஸ் உயில நீதானேப்பா வருஷா வருஷம் வாசிக்கற. அதுல என்னைக்காவது என் பேரு வந்திருக்கா?' அப்படின்னார். நான் யோசிச்சுப் பார்த்தேன். வரல. ஆயரையே விடாதவ இவரை விட்டிருக்கான்னா ஆளு சுத்தமா இருக்கணும்னு கையெழுத்துப் போட்டேன். நான் மட்டுமா? எல்லாருக்கும் இதேதான் சொல்லியிருக்கார்."

எர்மீனியா கையிலிருந்த சாக்பீஸைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"உன் காசு எந்தப் பக்கம்?" என்று கேட்டான் குஸ்தோதியு.

"சாதாரணக் கணக்குல இருக்கு."

"ஆக, நல்ல பக்கம்."

"ஆமா."

"உனக்கு யாரு சொன்னா?"

அவள் லாட்டரிச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. குஸ்தோதியு கறிக்கடைக்குத் திரும்பிப் போனான்.

யார் சொன்னது என்று அவளுக்கு நினைவிருந்தது, சொல்லுக்குச் சொல். ஊரே வரிசையில் நின்று கடன்பத்திரம் வாங்கிய அந்தக் குளிர்காலத்தில் அவளும் ஆசைப்பட்டுக் கவுண்டரில் போய் நின்றாள். வால்தெமார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து, "இது உனக்கு வேண்டாம் கொமாத்ரே. உன் காசு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்" என்றார். என்ன இருந்தாலும் கொம்பாத்ரே கொம்பாத்ரேதான் என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து, அவருக்கு ஆரஞ்சு போட்டு ஒரு கேக் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது ஒலிம்பியா. ஒலிம்பியாவிடம் அவர் அப்படிச் சொல்லவில்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னால் அவர் தெரிந்தேதான் விற்றார் என்று ஆகிவிடும். தனக்கும் தெரியும் என்றும் ஆகிவிடும். சொல்லாமலேயே ஊர் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தது. பெட்ரோல் பங்கில் பத்திரிகை விற்க ஆரம்பித்தார்கள். லாட்டரி வாங்குகிறவர்கள்கூட அங்கே போய் நஷ்டப்பட்டார்கள். கரும்பலகையில் ஒரு நாள் யாரோ எழுதிவைத்தார்கள்: "எவ்வளவு கமிஷன்?" ஊரையே எழுத்தில் வைது பழகியவளுக்கு, தன்னைப்பற்றி இரண்டே வார்த்தையைப் படிக்கக் கண் கூசியது.

திராட்சை அறுவடை முடிந்த பிறகு வால்தெமார் வீட்டுக்குப் போனாள். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். மனுஷர் முற்றத்தில் எலுமிச்சை மரத்துக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். முகம் இளைத்திருந்தது. அது அவளுக்கு முதலில் பாவமாக இருந்தது. பாழாய்ப்போன மனசு.

"வா கொமாத்ரே. நீ ஒருத்திதான் இந்த வாசப்படி ஏறியிருக்க. ரூபென் நேத்துகூடப் பேசினான். நல்ல பையன்."

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என்னை எதுக்கு வாங்க வேண்டாம்னீங்க?"

கத்தரிக்கோல் ஒருமுறை சும்மா வெட்டியது. "நீ தனி ஆளு. உனக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்னு..."

"வம்புன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"தெரியும்னு இல்ல. ஒரு வாடை வந்துச்சு. மேலருந்து மாசாமாசம் இத்தனை விக்கணும்னு சொல்றான். விக்கலன்னா என் நாற்காலி போயிரும். நானும் ஏமாந்தவன்தான், கொமாத்ரே."

"வாடை வந்த மீனை எனக்குத் தராம ஊருக்கெல்லாம் வித்திருக்கீங்க."

"நீ எனக்கு வேண்டியவ."

"அப்ப குஸ்தோதியு யாரு? ஒலிம்பியா யாரு?"

"அவங்க வாடிக்கையாளர்," என்றார் வால்தெமார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உயில்ல உங்க பேரு வரலன்னு சொல்லிச் சொல்லி வித்தீங்களாமே."

"அது சும்மா, சிரிப்புக்குச் சொன்னது."

எர்மீனியா வீட்டுக்கு நடந்தாள். அவளை அறுத்தது, அவர் ஊரை ஏமாற்றியது மட்டும் இல்லை. ஏமாற்றுகிறவர்களைப் பற்றித்தானே அவள் ஆயுசு பூராவும் எழுதினாள், அது பழகிய சரக்கு. அவளிடம் மட்டும் அவர் உண்மையாக இருந்திருக்கிறார். அந்த உண்மையை மடியில் கட்டிவிட்டு, அவளுடைய மௌனத்தைக் கவுண்டரில் வைத்து விற்றிருக்கிறார். இனி அவளுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் தெரிந்தே விற்றார் என்பதை ஊர் அவள் வாயால் கேட்டு, நம்ப வேண்டும். நம்பும்படி சொல்ல அவளுக்குத் தெரிந்த இடம் உலகத்திலேயே ஒன்றே ஒன்று.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கறிக்கடைக்குப் போனாள். ஆட்டுக்குட்டி வாங்கும் கூட்டம் விலகி வழிவிட்டது. மரியாதைக்காக விலகவில்லை.

"உயில் எழுதிட்டேன். வாசிக்கிறியா?"

குஸ்தோதியு கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான், "உன் எழுத்த வாசிச்ச வாயி இது. வாசிச்சு வாசிச்சு நானே நம்பினேன். இனிமே முடியாது. வேணும்னா நீயே ஏறி வாசி."

"என் குரல் யாருக்குக் கேக்கும்?"

உள்ளேயிருந்து ஒலிம்பியா சொன்னாள், "கவுண்டர்ல குசுகுசுன்னு பேசினது எல்லாருக்கும் கேட்டுச்சா என்ன?" அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏதோ ஒரு மாதிரி அவளுக்குத் தெரிந்திருந்தது. வரிசையில் பின்னால் நின்றவள் அல்லவா.

ஞாயிறு பூசை முடிந்தது. யூதாஸ் கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தான். எர்மீனியா கறுப்பு ஸ்வெட்டரோடு மாடத்தில் ஏறியபோது கீழே ஒரு முனகல் எழுந்தது. யாரோ, "இறங்கு, உனக்கும் ஒரு கம்பம் நடலாம்" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி.

வால்தெமாரும் வந்திருந்தார், மனைவியோடு, தேய்த்த கோட்டில். வராமலிருந்தால் ஒப்புக்கொண்டது போலாகிவிடும். ஆள் கெட்டிக்காரர்.

அவள் வாசித்தாள். முதலில் உலகம். எந்தச் சண்டையிலும் குண்டு விற்றவன் மட்டும் தோற்பதில்லையென்று யூதாஸ் தன் முப்பது வெள்ளிக்காசை ஆயுத வியாபாரிக்கு எழுதிவைத்தான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள் தொண்டையைச் செருமினாள்.

*வால்தெமார் மேனேஜருக்கு என் வாயை எழுதிவைக்கிறேன்,*
*முத்தமிட்டே காட்டிக்கொடுத்த முன் அனுபவம் அதற்குண்டு;*
*ஊருக்கெல்லாம் நீட்டியதை ஒருத்திக்கு மட்டும் மறுத்தார்,*
*"உனக்கு வேண்டாம்" என்று சொன்னார், உள்ளது தெரிந்துகொண்டு.*

*எர்மீனியா அம்மாளுக்கு என் இரண்டு காதும் வைக்கிறேன்,*
*கேட்டபின்னும் கேட்காதவள் போல் கேக் சுட்டு அனுப்பிவைத்தாள்;*
*உலகத்தையே வைதவள்தான் ஒருத்தரை மட்டும் விட்டாள்,*
*ஊமையாய் அவள் இருந்ததற்கு ஊரை விலை கொடுக்க வைத்தாள்.*

கம்பத்துக் கயிறு கிறீச்சிடுவது கேட்டது. சொல்லியாகிவிட்டது என்று எர்மீனியா மூச்சு விட்டாள்.

அப்போது ஒருவர் கை தட்டினார். வால்தெமார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பிரமாதம், கொமாத்ரே," என்று உரக்கச் சொன்னார். "கடைசியா என்னையும் விடல பாருங்க. என் முறை வந்துச்சு. ஒயின் என் கணக்கு."

மரபுப்படி அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. பேர் வந்தவர் சிரிக்க வேண்டும், சிரித்தார். ஊற்ற வேண்டும், ஊற்றுகிறேன் என்றார். பின் வரிசையில் இரண்டு பேர் பழக்கத்தில் சிரித்தும்விட்டார்கள். உயிலில் வந்தது விளையாட்டு. விளையாட்டை மெய்யென்று எடுத்துக்கொள்கிறவன் முட்டாள். அதை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே எர்மீனியாதான். இத்தனை வருஷம் அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்குள் அவர் சாவகாசமாகப் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் காகிதத்தை மடித்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டாள்.

"வால்தெமார்," என்றாள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் முன் வரிசைக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"கொமாத்ரே, இது யூதாஸ் உயிலு. வெளயாட்டு வெளயாட்டாவே இருக்கட்டும்."

"யூதாஸ் முடிச்சிட்டான். இப்பப் பேசறது நான்." மாடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் குளிர்காலத்துல நானும் கவுண்டர்ல நின்னேன். எனக்கும் கடன்பத்திரம் வேணும்னு கேட்டேன். இவர் வேண்டாம்னார். என் காசு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்னார். எனக்குப் பின்னால ஒலிம்பியா நின்னா. அவகிட்ட அப்படிச் சொல்லல. அப்பறமா இவர் வீட்டுல போய்க் கேட்டேன். அப்பவே ஒரு வாடை வந்துச்சுன்னு இவர் வாயாலயே சொன்னார். இவ்வளவு நாளா நான் சொல்லல. எனக்கு வேண்டியவர்னு சொல்லல. அது என் தப்பு."

"நான் நின்னேன்," என்றாள் ஒலிம்பியா கூட்டத்திலிருந்து. "குனிஞ்சு அவ காதுல என்னமோ சொன்னார். அது எனக்குத் தெரியும்."

குஸ்தோதியு மாடத்துக்குக் கீழே வந்து நின்று நிமிர்ந்து பார்த்தான். "இதை வீசெவு டவுன்ல, பேங்கு மேல கேஸ் போட்டிருக்கற எங்க வக்கீல் முன்னால சொல்வியா? இதே மாதிரி?"

"சொல்றேன்."

"ரூபென் என்ன நினைப்பான்னு யோசிச்சியா, எர்மீனியா," என்றார் வால்தெமார். அவரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தேய்த்த கோட்டின் முதுகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதை எர்மீனியா மேலேயிருந்து பார்த்தாள். ரூபெனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று இதே சதுக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த முதுகு அது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை ஒரு இருமலாக மாற்றினாள். பக்கத்தில் யாரோ யூதாஸுக்கு நெருப்பு வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை குஸ்தோதியுவின் கறி வேனில் மூன்று பேரும் வீசெவுக்குக் கிளம்பினார்கள். ஒலிம்பியா நடுவில். எர்மீனியா ஜன்னல் ஓரம், ஒரு பக்கமாக ஒதுங்கி. மன்னித்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஃபோன் அடித்தது. ரூபென்.

"அம்மா, அவர் அழுதாரு. ஞானத்தகப்பா என்கிட்ட ஃபோன்ல அழுதாரு. நீ சொன்னது பொய்னு சொல்லு."

"பொய் இல்லடா."

"எனக்கு வேலை வாங்கித் தந்தது யாரு?"

"அவர்தான்."

"அப்பறம்?"

லைன் போய்விட்டது. ஃபோனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று. ஆனால் அந்த வேனில் அவன் கத்தியது எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"கண்ணாடிய ஏத்திவிடு," என்றாள் ஒலிம்பியா. "குளிருது உனக்கு."

ஏற்றினாள்.

"இப்பச் சொல்லு. வக்கீல் என்ன கேப்பான்னு தெரியாது. அவர் சொன்னத வார்த்தை மாறாம சொல்லு பாப்போம்."

எர்மீனியா சொன்னாள். ஒலிம்பியா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வீசெவு தெரியும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். நடுவில் ஒருமுறை, வால்தெமார் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்த இடத்தில், எர்மீனியாவின் நாக்கு பழக்கதோஷத்தில், "பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியார் மாதிரி" என்று சேர்த்துக்கொண்டது.

"அது வேண்டாம்," என்றாள் ஒலிம்பியா.

எர்மீனியா அதை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.